விமானச் சேவை கெட்டால் யூனியனைக் குறை சொல்லலாமா?

விமானம் நாலு மணி நேரம் தாமதம், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது, கவுன்டரில் இருப்பவர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் பயணிகள் மத்தியில் உடனே ஒரு பேச்சு கிளம்பும்: "எல்லாம் இந்த யூனியன்காரங்க பண்ற வேலை." வேலை போகாது என்ற தைரியத்தில் ஊழியர் மெத்தனமாக இருக்கிறார், சங்கம் அவரைக் காப்பாற்றுகிறது, நிர்வாகத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது என்று அந்தப் பேச்சு வளரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க விமானத் துறையின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்த வாதம் முதல் படியிலேயே இடறுகிறது.

1973 முதல் 2019 வரை தொடர்ந்து 47 ஆண்டுகள் லாபம் பார்த்த நிறுவனம் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ். 1990களில் நேரம் தவறாமை, லக்கேஜ் தொலையாமை, குறைந்த புகார் ஆகிய மூன்றிலும் ஒருசேர முதலிடத்தில் நின்றது. அதன் ஊழியர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தொழிற்சங்கங்களின் கீழ் இருக்கிறார்கள். அந்நாட்டின் பெரிய விமான நிறுவனங்களிலேயே சங்கம் மிக ஆழமாக வேரூன்றியவற்றுள் அதுவும் ஒன்று. மறுபக்கம், பைலட்டுகளையும் விமான இயக்கத்தைத் திட்டமிடும் டிஸ்பாட்சர்களையும் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சங்கமே இல்லாத டெல்டாவும் சேவையில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. ஆக, சங்கம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. நிர்வாகம் கொடுக்கும் வார்த்தையை ஊழியர் நம்புகிறாரா, ஊழியர் சொல்வது மேலே போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோடி ஹோஃபர் கிட்டெலும் அவருடைய சகாக்களும் பெரிய அமெரிக்க விமான நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவுகளை அலசி 2004-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது: சேவையின் தரத்தோடு அதிகம் ஒட்டி நின்றது சங்கத்தின் பலம் அல்ல, இரு தரப்புக்கும் இடையிலான உறவின் தரம்.

இந்தத் துறையில் உறவு கெட்டால் ஏன் இவ்வளவு வேகமாகப் பயணியின் தலையில் விடிகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று சட்டம். அமெரிக்க விமான ஊழியர்களுக்குப் பொருந்துவது ரயில்வே தொழிலாளர்களுக்காக 1926-இல் இயற்றப்பட்டு, 1936-இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டம். இதன்படி சம்பள ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை. குறித்த தேதி வந்ததும் திருத்தத்துக்கு உரியதாகிறது, அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் வரும்வரை பழைய சம்பளம், பழைய விதிகள். பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று தேசிய மத்தியஸ்த வாரியம் அறிவித்து, அதற்குப் பின் 30 நாள் பொறுத்திருந்தால்தான் ஸ்ட்ரைக் செய்யலாம். வாரியம் அதை எளிதில் அறிவிப்பதில்லை. சவுத்வெஸ்ட் பைலட்டுகள் 2020-இல் திருத்தத்துக்கு வந்த ஒப்பந்தத்துக்கு 2024 ஜனவரி வரை காத்திருந்தார்கள். விலைவாசி ஏறுகிறது, சம்பளம் நிற்கிறது, ஸ்ட்ரைக்கும் செய்ய முடியாது. அந்தக் கசப்போடுதான் தினமும் டியூட்டிக்கு வர வேண்டும்.

இன்னொன்று சீனியாரிட்டி. ஒரு பைலட் எந்த விமானத்தை ஓட்டுவார், எந்த ஊரில் தங்குவார், தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ வீட்டில் இருப்பாரா, எவ்வளவு சம்பாதிப்பார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது பட்டியலில் அவருடைய இடம். இருபது ஆண்டு அனுபவமுள்ள பைலட் வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கே கடைசி ஆள். கேபின் க்ரூவுக்கும் இதே கதைதான். மற்ற வேலைகளில் பிடிக்காவிட்டால் ராஜினாமாக் கடிதம் நீட்டிவிட்டுப் போகலாம். இங்கே போனால் நஷ்டம் தனக்கே. அதனால் நிர்வாகத்தோடு சண்டை வந்தாலும் ஊழியர் அங்கேயேதான் இருப்பார், கோபத்தோடு இருப்பார். அவருடைய மொத்த ஆயுள் முதலீடும் அந்த ஒரே நிறுவனத்தில் இருக்கிறது. சங்கம் சில சமயம் ஏன் அவ்வளவு மூர்க்கமாகப் போராடுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

1978-இல் விமானக் கட்டணங்கள் மீதும் வழித்தடங்கள் மீதும் இருந்த அரசுக் கட்டுப்பாடு நீங்கியது. போட்டி வந்தது, டிக்கெட் விலை சரிந்தது. எரிபொருள் விலை நிறுவனத்தின் கையில் இல்லை, விமானத்தின் விலை போயிங் கையில். குறைக்க முடிந்த பெரிய செலவு சம்பளம் மட்டுமே என்று பல நிர்வாகங்கள் முடிவு செய்தன. அந்த முடிவை எல்லோரையும்விடக் கடுமையாக அமல்படுத்தியவர் டெக்சாஸ் ஏர் என்ற தாய் நிறுவனத்தின் தலைவர் ஃபிராங்க் லோரென்ஸோ.

1983 செப்டம்பரில் அவர் கான்டினென்டல் ஏர்லைன்ஸைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், சங்க ஒப்பந்தங்களை ரத்து செய்துவிட்டு, சில நாட்களிலேயே ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்து மறுபடி பறக்கவிட்டார். நாடாளுமன்றம் அடுத்த ஆண்டே திவால் சட்டத்தைத் திருத்தி இந்தக் குறுக்கு வழிக்குக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. அப்புறம் 1986-இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸை வாங்கினார். ஈஸ்டர்னில் அதற்கு முன்பே நிர்வாகத்துக்கும் மெக்கானிக் சங்கத்துக்கும் ஓயாத சண்டை. சங்கத் தலைவர் சார்லி பிரையனும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. இந்தக் கதையில் சங்கத்தின் பக்கமும் பிடிவாதம் இருந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் லோரென்ஸோ வந்த பின் நடந்தது வேறு ரகம். ஈஸ்டர்னின் சொத்துகள் ஒவ்வொன்றாகத் தாய் நிறுவனத்துக்குக் குறைந்த விலைக்குக் கைமாறுவதாக ஊழியர்கள் குமுறினார்கள். திவால் நீதிமன்றம் நியமித்த விசாரணையாளரும் 1990-இல் அந்தக் குமுறலில் பெருமளவு உண்மை இருப்பதாகவே கண்டார்.

1989 மார்ச் 4 அன்று மெக்கானிக்குகள் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். வழக்கத்துக்கு மாறாக பைலட்டுகளும் கேபின் க்ரூவும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தே நாளில் நிறுவனம் திவால் மனு போட்டது. பராமரிப்புப் பதிவேடுகளில் பொய் எழுதியதாக 1990-இல் ஈஸ்டர்ன் மீதும் அதன் மேலாளர்கள் சிலர் மீதும் குற்றச்சாட்டு பதிவானது. 1991 ஜனவரியில் கடையை மூடிவிட்டார்கள். 1994-இல் லோரென்ஸோ புதிதாக ஒரு விமான நிறுவனம் தொடங்க அனுமதி கேட்டபோது, அவருடைய பழைய நிர்வாக வரலாற்றைக் காரணம் காட்டி அமெரிக்கப் போக்குவரத்துத் துறை மறுத்துவிட்டது.

சரி, சவுத்வெஸ்டில் அப்படி என்னதான் நடந்தது? சிரித்த முகம், விமானத்தில் ஜோக் அடிக்கும் பணியாளர்கள், ஹெர்ப் கெல்லெஹர் என்ற கலகலப்பான தலைவர் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான், ஆனால் மேல்பூச்சு. விஷயம் இருப்பது விமானம் கேட்டில் வந்து நின்றதும் நடக்கிற வேலையில்.

1971-இல் டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்று மூன்று ஊர்களுக்கு இடையே பறக்கத் தொடங்கிய நிறுவனம் அது. அடுத்த ஆண்டு பணமுடை. இருந்த நான்கு போயிங் 737-களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. நான்கு விமானத்துக்குப் போட்ட அட்டவணையை மூன்றை வைத்து ஓட்ட வேண்டும் என்றால் ஒரே வழிதான்: தரையிறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வந்த பயணிகள் இறங்க வேண்டும், பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும், சீட்டுகளுக்கு இடையில் கிடக்கும் குப்பையை எடுக்க வேண்டும், எடைக் கணக்கு பைலட் கைக்குப் போக வேண்டும், புதிய பயணிகள் ஏற வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆட்களின் வேலை, பெரும்பாலும் வெவ்வேறு சங்கங்களின் வேலை. எங்காவது ஒருவர் "இது என் வேலை இல்லை" என்று கையைக் கட்டிக்கொண்டால் பத்து நிமிடம் நாற்பதாகிவிடும். சவுத்வெஸ்டில் கேபின் க்ரூ குப்பையை அள்ளினார்கள், அவசரத்துக்கு பைலட்டே இறங்கிவந்து பெட்டி தூக்கினார். சங்க ஒப்பந்தங்களே இந்த நெகிழ்வுக்கு இடம் கொடுத்து எழுதப்பட்டன. அதற்கு ஈடாக ஊழியர்களுக்கு லாபத்தில் பங்கு கிடைத்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் மற்ற நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது சவுத்வெஸ்ட் ஒருவரையும் அனுப்பவில்லை.

கிட்டெலின் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தாமதத்தை எப்படிக் கணக்கெழுதினார்கள் என்பது. 1990களின் அமெரிக்கன் ஏர்லைன்ஸில், விமானம் தாமதமாகக் கிளம்பினால் உடனே யாராவது ஒரு துறையின் பேரில் அதை எழுதியாக வேண்டும். போர்டிங் கேட்டா, லக்கேஜா, எரிபொருளா, துப்புரவா? யார் பேரில் விழுகிறதோ அந்த மேலாளர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். விளைவு என்ன? விமானம் தாமதமாகப் போகிறது என்று தெரிந்த கணத்திலிருந்து எல்லோருடைய மூளையும் பழி தன் மேல் விழாமல் பார்த்துக்கொள்வதில் இறங்கிவிடும். கேட்டில் இருப்பவர் லக்கேஜ் ஆட்களைக் கைகாட்டுவார், அவர்கள் எரிபொருள் லாரியைக் கைகாட்டுவார்கள். இணைப்பு விமானத்தைப் பிடிக்க ஓடிவரும் பயணியைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. சவுத்வெஸ்டிலோ 'கூட்டுத் தாமதம்' என்றே ஒரு பிரிவு வைத்தார்கள். இரண்டு மூன்று துறைகள் சேர்ந்து காரணமாக இருந்தால் கூட்டாகவே எழுதிக்கொள்ளலாம், யாரையும் தனியாக மாட்டிவிட வேண்டாம். துல்லியம் கொஞ்சம் குறையும், உண்மை. ஆனால் என்ன நடந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் பேச முடிந்தது, அடுத்த முறை சரிசெய்யவும் முடிந்தது. கேட் ஊழியர் நம்மிடம் பொய் சொல்கிறாரோ என்று சந்தேகப்படும் ஒவ்வொரு பயணியும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அவர் பொய் சொன்னால், அதைச் சொல்லவைக்கும் கணக்கு முறை ஒன்று பின்னால் இருக்க வாய்ப்பு உண்டு.

லோரென்ஸோ விட்டுச்சென்ற கான்டினென்டலே இதற்கு இன்னொரு சான்று. இரண்டு முறை திவாலாகி, பத்து ஆண்டில் பத்துத் தலைவர்களைப் பார்த்து, நேரம் தவறாமையில் பெரிய நிறுவனங்களில் கடைசியில் கிடந்த அந்த நிறுவனத்துக்கு 1994-இல் கோர்டன் பெத்யூன் வந்தார். கடற்படையில் மெக்கானிக்காக இருந்தவர். ஊழியர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பக்கம் பக்கமாகக் கட்டளையிட்ட விதிப்புத்தகத்தை வாகன நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். பிறகு ஓர் அறிவிப்பு: நேரம் தவறாமையில் நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் வரும் ஒவ்வொரு மாதமும் ஆளுக்கு 65 டாலர். தாமதத்தால் ஏற்கெனவே மாதாமாதம் வீணாகிக்கொண்டிருந்த பணத்தின் ஒரு பகுதிதான் அது. சம்பளத்தோடு கலக்காமல் தனிக் காசோலையாகவே கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே, 1995 பிப்ரவரியில், கான்டினென்டல் நான்காம் இடத்துக்கு வந்தது. விமானங்கள் அதேதான், ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். 65 டாலர் பெரிய தொகை இல்லை. ஆனால் பத்து ஆண்டுகளாக எடுத்துக்கொண்டே இருந்த நிர்வாகம் முதல்முறையாகச் சொன்ன பணத்தைச் சொன்னபடி கையில் கொடுத்தது.

வார்த்தை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2003 ஏப்ரலில் நடந்ததைச் சொல்லலாம். நிறுவனம் திவாலாகாமல் இருக்க ஊழியர்கள் ஆண்டுக்கு 180 கோடி டாலர் அளவுக்குச் சம்பளத்தையும் சலுகைகளையும் விட்டுக்கொடுக்கச் சங்கங்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டன. வாக்கெடுப்பு முடிந்த கையோடு, உயர் நிர்வாகிகளுக்கு மட்டும் தனி போனஸும், திவாலானாலும் கைவைக்க முடியாதபடி ஓய்வூதிய நிதியும் ஏற்பாடாகியிருந்தது வெளியே வந்தது. தலைவர் டொனால்ட் கார்ட்டி அந்த மாதமே பதவி விலகினார். அந்தக் காயம் அவரோடு போகவில்லை. அடுத்த பல ஆண்டுப் பேச்சுவார்த்தைகளில் அது கூடவே வந்து உட்கார்ந்தது.

ஊழியர்களையே முதலாளியாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? யுனைடெட் அதையும் செய்து பார்த்தது. 1994-இல் சம்பளக் குறைப்புக்கு ஈடாக நிறுவனத்தின் 55 சதவீதப் பங்கு ஊழியர் கைக்குப் போனது. கேபின் க்ரூ இதில் சேரவில்லை. பங்கு மாறியதே தவிர, அன்றாடம் முடிவெடுக்கும் முறை மாறவில்லை. 2000 கோடையில் பைலட்டுகள் ஓவர்டைம் பார்க்க மறுத்தபோது ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. 2002 டிசம்பரில் திவால், ஊழியர்களின் பங்கு வெறும் காகிதம்.

அதே யுனைடெட்டில் 2017 ஏப்ரல் 9 அன்று நடந்ததை உலகமே வீடியோவில் பார்த்தது. சிகாகோவிலிருந்து லூயிவில் போகும் விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்ட பயணிகளில் நால்வர், யுனைடெட்டின் பேரில் அந்த விமானத்தை இயக்கிய ரிபப்ளிக் ஏர்லைன்ஸின் ஊழியர்களுக்கு இடம் கொடுப்பதற்காக இறங்க வேண்டும் என்றார்கள். 400 டாலர், பிறகு 800 டாலர் என்று ஆசை காட்டியும் யாரும் எழவில்லை. கணினி நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தது. மறுத்த ஒருவரை விமான நிலையப் பாதுகாவலர்கள் ரத்தம் வழிய இழுத்துப் போனார்கள். அந்த ஊழியர்களின் கல்நெஞ்சைப் பற்றி அன்று நிறையப் பேசினார்கள். நான் பார்ப்பது வேறு: மறுநாள் பறக்க வேண்டிய க்ரூ எப்படியும் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டளை, ஒரு எல்லைக்கு மேல் பேரம் பேச அதிகாரம் இல்லாத கேட், விதியை மீறினால் என்ன ஆகுமோ என்ற பயம். இன்னும் சில நூறு டாலர் கூட்டிக் கேட்டிருந்தால் யாராவது எழுந்திருப்பார்கள். நிறுவனம் பின்னால் அந்த உச்சவரம்பை 10,000 டாலராக உயர்த்தியது. தங்கள் நிறுவன விதிகள் தங்கள் மதிப்பீடுகளை மிஞ்சிவிட்டன என்று அதுவே ஒப்புக்கொள்ளவும் செய்தது.

இப்போதைய சண்டைகளில் பயணிகள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் கேபின் க்ரூவின் மணிநேரச் சம்பளம் பல காலமாக விமானத்தின் கதவு மூடி, விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். மேல்தட்டில் பெட்டி வைக்க இடமில்லாமல் தகராறு, கைக்குழந்தையோடு வரும் தாய், சீட் மாற்றிக் கேட்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் என்று பயணியும் பணியாளரும் அதிகம் உரசிக்கொள்கிற அந்த போர்டிங் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. பொறுமை எப்போது அதிகம் தேவையோ அப்போது கூலி இல்லை. சங்கம் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்த டெல்டா 2022-இல் போர்டிங் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் தரத் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2024 ஒப்பந்தத்தில் அது எழுத்தில் வந்தது.

டொராண்டோ தமிழர்களுக்கு இந்தப் பிரச்சினை 2025 ஆகஸ்டில் நேரடியாகவே தட்டுப்பட்டிருக்கும். ஏர் கனடாவின் 10,000-க்கும் மேற்பட்ட கேபின் க்ரூ ஆகஸ்ட் 16 அன்று ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள், தரையில் செய்யும் வேலைக்குக் கூலி என்பது முக்கியக் கோரிக்கை. கோடை விடுமுறைக் கூட்டம், லட்சக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். சில மணி நேரத்திலேயே கனடா அரசு தலையிட்டு வேலைக்குத் திரும்ப உத்தரவு வாங்கிக் கொடுத்தது. சங்கம் அந்த உத்தரவை ஏற்க மறுத்தது. ஆகஸ்ட் 19-இல் தரைவேலைக்கும் கூலி என்பதோடு உடன்பாடு வந்தது. பயணம் கெட்டவர்களின் கோபம் நியாயமானது, அவர்கள் இழந்த பணமும் நாட்களும் நிஜமானவை. ஆனால் அந்தக் கூலி இல்லாத நேரத்தை மாதக்கணக்கில் நீண்ட பேச்சுவார்த்தையிலேயே தீர்த்திருக்க முடியும். கடைசி நேரத்தில் அரசு வந்து காப்பாற்றும் என்ற நினைப்பு இருந்தால் எந்த நிர்வாகமும் மேசையில் அவ்வளவு மும்முரம் காட்டாது.

இத்தனைக்கும் பிறகு சவுத்வெஸ்டையே கடைசியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் பனிப்புயல் அடித்தது. மற்ற நிறுவனங்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது, 20 லட்சம் பேர் கிறிஸ்துமஸ் நேரத்தில் நடுவழியில் நின்றார்கள். விமானம் ஓரிடம், பைலட் வேறிடம், யார் எங்கே இருக்கிறார்கள் என்பது க்ரூ அட்டவணை மென்பொருளுக்கே தெரியவில்லை. சீருடையில் இருந்த ஊழியர்கள் 'நான் இங்கே இருக்கிறேன், விமானம் தாருங்கள்' என்று சொல்வதற்காகச் சொந்த அலுவலகத்துக்கே போன் போட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இந்த மென்பொருள் தாங்காது என்று பைலட் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை 2023 பிப்ரவரியில் செனட் குழுவின் முன்பும் சங்கத் தலைவர் எடுத்துச் சொன்னார். போக்குவரத்துத் துறை விதித்த அபராதம் 14 கோடி டாலர்.

யூனியன் எச்சரித்தது, நிர்வாகம் கேட்கவில்லை, பயணி தவித்தான். ஊழியர் பேச்சைக் கேட்டே வளர்ந்த நிறுவனத்தில் இது நடந்தது என்பதுதான் எனக்கு அதிகம் உறைக்கிறது. அதற்குப் பின் 2024-இல் பைலட்டுகளுக்கும் கேபின் க்ரூவுக்கும் கணிசமான சம்பள உயர்வோடு ஒப்பந்தம் வந்தது. அதே ஆண்டு எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்து நெருக்கியது. 2025 பிப்ரவரியில், தன் வரலாற்றில் முதல்முறையாக, சவுத்வெஸ்ட் ஆட்குறைப்பு அறிவித்தது: அலுவலகப் பணியாளர்களில் 15 சதவீதம், சுமார் 1,750 பேர். மே மாதக் கடைசியில் இலவச லக்கேஜும் பெரும்பாலான பயணிகளுக்குப் போனது. பெட்டிக்குக் கட்டணம் வந்தால் எல்லோரும் கைப்பெட்டியோடு ஏறுவார்கள், மேல்தட்டு நிரம்பும், போர்டிங் இழுக்கும். அந்தக் கூடுதல் நிமிடங்களைச் சமாளிக்கப்போவது பழைய பத்து நிமிடத்தைச் சாதித்துக் காட்டிய அதே கேட் ஊழியர்களும் கேபின் க்ரூவும்தான். இம்முறை அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அட்டவணை போடுகிறார்களா என்பதை அடுத்த பெரிய புயல் அடிக்கும் வாரத்தில் பார்த்துவிடலாம்.